இருபதாவது எஞ்சின்

பத்து நாள் லீவில் இரண்டு நாள் ஏற்கெனவே ஒரு பழைய எஞ்சினைத் தேடியே போய்விட்டது. விஜயபாண்டிக்கு அதுதான் ஆற்றாமை.

அவன் மனைவி தங்கமாரி ஈரோட்டில் சரக்கு ரயில் ஓட்டும் லோகோ பைலட். நிலக்கரி, சிமெண்ட், உரம் என்று எதை ஏற்றினாலும் ஐம்பது அறுபது பெட்டிக்குக் குறையாது. அவளுக்கு எப்போது அழைப்பு வரும், எப்போது வீடு திரும்புவாள் என்று யாராலும் சொல்ல முடியாது. விஜயபாண்டி அதே ஊரில் இரண்டு சக்கர வண்டிகளுக்கு மெக்கானிக் ஷெட் வைத்திருந்தான். மூன்று வருஷத்தில் முதல் முறையாக அவளுக்குச் சேர்ந்தாற்போல் பத்து நாள் கிடைத்ததும் ஷெட்டைப் பூட்டிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு, திருச்சுழிப் பக்கத்திலுள்ள அண்ணன் உக்கிரபாண்டி வீட்டுக்கு வந்திருந்தார்கள். மகளுக்குப் பெரியப்பா பிள்ளைகள் கிடைத்துவிட்டார்கள். அப்பா அம்மா இருக்கும் நினைப்பே அவளுக்கு இல்லை.

வந்த அன்றே தங்கமாரி செல்போனில் ஒரு போட்டோவைக் காட்டினாள். பழைய நீராவி எஞ்சின்கள் எங்கெங்கே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றன என்று தேடிப் போய்ப் பார்க்கிற ஆட்களின் வாட்ஸப் குழு ஒன்றில் அவள் இருந்தாள். இதுவரை பத்தொன்பது எஞ்சின்களைப் பார்த்திருந்தாள். ஸ்டேஷன் வாசலில் நிற்பவை, ரயில்வே ஆபீஸ் புல்தரையில் நிற்பவை என்று ஒவ்வொன்றின் நம்பரும் நாளும் எழுதி வைத்திருந்தாள். இந்தப் போட்டோ பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தியது. கறுப்பான மீட்டர் கேஜ் எஞ்சின் ஒன்று. பின்னால் ஓட்டுக் கொட்டகையும் இரண்டு பனைமரமும். கீழே 'அருப்புக்கோட்டை பக்கம்' என்பதைத் தவிர வேறு விவரம் கிடையாது. இப்போது அது இருக்கிறதா, வெட்டி எடைக்குப் போட்டுவிட்டார்களா என்று குழுவில் யாருக்கும் தெரியவில்லை.

"லீவுலயும் எஞ்சினா?" என்று விஜயபாண்டி கேட்டான். அவள் சிரித்துக்கொண்டே, ஒரு நாள் மட்டும் தேடிப் பார்ப்போம், இல்லையென்றால் விட்டுவிடுவோம் என்றாள்.

முதல் நாள் மல்லாங்கிணறு பக்கம் போனார்கள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ரயில் நிற்கிறது என்று பஸ் ஸ்டாண்டில் ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். அண்ணனின் பைக்கில், வைகாசி வெயிலில், இரண்டு பக்கமும் சீமைக்கருவேலைத் தவிர வேறு நிழல் இல்லாத ரோட்டில் போய்ச் சேர்ந்தால், ரயில் நின்றது உண்மைதான். சுவரில் நின்றது. வகுப்பறைக் கட்டிடம் முழுக்க ரயில் பெட்டி மாதிரி நீலப் பெயிண்ட் அடித்து, ஜன்னலும் படியும் வரைந்து, கடைசி அறையை எஞ்சினாக ஆக்கியிருந்தார்கள். விஜயபாண்டிக்குக் கோபம் வந்தது. தங்கமாரி சுவர் ஓரமாக நடந்து பார்த்துவிட்டு வந்து, பெட்டிகளை இணைக்கும் கப்ளிங்கைக்கூட விடாமல் வரைந்திருக்கிறார்கள், யாரோ பார்த்து வரைந்த கைதான் என்று பாராட்டினாள்.

இரண்டாம் நாள் அருப்புக்கோட்டை டீக்கடையில் கிடைத்த தகவல் ஒரு ரோடு ரோலரில் போய் முடிந்தது. புகைபோக்கி இருந்தது, பாய்லர் இருந்தது, உருளைச் சக்கரமும் இருந்தது. தண்டவாளம்தான் இல்லை. அதையும் அவள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். திரும்பும்போது நுங்கு வாங்கிச் சாப்பிட்டார்கள். இதோடு போதும், நாளைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் போகலாம் என்று விஜயபாண்டி சொல்ல, அவளும் சரி என்றாள். மறுபேச்சு இல்லாமல் சரி என்றதுதான் அவனை என்னவோ செய்தது.

அன்று சாயங்காலம் கட்டிலில் படுத்தபடி அவள் போனை வாங்கி அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தான். மெக்கானிக் கண் தானாக அடியில் போனது. சக்கரத்துக்குக் கீழே தண்டவாளம் முழுதாக இல்லை, மரக்கட்டைகள் அடுக்கியிருந்தன. முன் பக்கம் ஒரு ஜாக்கியும் தரையில் தளர்ந்து கிடக்கும் சங்கிலியும் தெரிந்தன. போட்டோ எடுத்த அன்றுதான் எஞ்சினைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள் என்று அவனுக்குப் பட்டது. அப்படியானால் கொண்டுவந்த வண்டி பக்கத்தில் இருக்க வேண்டுமே என்று போட்டோவின் ஓரத்தைத் துழாவினான். ஒரு டிரெய்லரின் பின்பலகையில் பாதி எழுத்து மட்டும் விழுந்திருந்தது. '...சோழன்.'

அண்ணனிடம் காட்டினான். உக்கிரபாண்டி இருபது வருஷமாக லாரியில் லோடு ஏற்றுகிறவர். பார்த்ததும் சொல்லிவிட்டார். "வீரசோழன்டா. அங்க காதர் மைதீன் பாய்கிட்டத்தான் அப்ப இந்த மாதிரித் தாழ்வான டிரெய்லர் இருந்துச்சு. பழைய இரும்பு யாவாரம் பண்றவுக."

விஜயபாண்டி எழுந்து உட்கார்ந்தான். தங்கமாரி அடுப்படியில் அண்ணி ரத்தினத்துக்கு உதவிக்கொண்டிருந்தாள். அங்கே போய், குற்றாலம் இரண்டு நாள் கழித்துப் போய்க்கொள்ளலாம், நாளைக் காலையில் வெள்ளனக் கிளம்ப வேண்டும் என்று அவனே சொன்னான்.

மறுநாள் அவர்கள் வீரசோழனில் பார்த்த காதர் மைதீன் பாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கடை நிறையத் துருப்பிடித்த மோட்டாரும் கம்பியுமாக இருந்தது. போட்டோவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தவர், உட்காரச் சொல்லி நன்னாரி சர்பத் வரவழைத்தார். இதைத் தேடிக்கொண்டு யாராவது வருவார்கள் என்று தான் நினைக்கவே இல்லை என்றார். நீராவி வண்டிகள் நின்றுபோன காலத்தில் ஒரு மில்காரர் பாய்லருக்காக இதை ஏலத்தில் எடுத்தாராம். பிறகு மில்லும் நின்றுபோய், எஞ்சின் அங்கேயே கிடந்து, கடைசியில் வெட்டி எடுப்பதற்காக இவரிடம் வந்திருக்கிறது. வெட்ட ஆள் வரச் சொல்லியிருந்த வாரத்தில், எம்.ரெட்டியபட்டி தாண்டிக் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் வந்து, முழுசாகவே வேண்டும், வாசலில் நிறுத்தப் போகிறேன் என்று கேட்டாராம்.

"கொண்டு போயிச் சேக்க மூணு நாளு ஆச்சு. வழியில ஒரு சின்னப் பாலம். அத நம்பி ஏத்தப் பயந்து, பக்கத்துல ஓடைக்குள்ள மண்ணப் போட்டு மேடாக்கித்தான் ஓட்டுனோம். ஊரே கூடி நின்னு பாத்துச்சு" என்றார் பாய். சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்துவிட்டது. மண்டபம் இன்னும் நடக்கிறது, எஞ்சினும் நின்றுகொண்டுதான் இருக்கும், பெயிண்டை மட்டும் வருஷா வருஷம் மாற்றுகிறார்கள் என்று வழி சொல்லி அனுப்பினார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. வைகாசி முகூர்த்த நாள் என்பது இருவருக்கும் நினைவில்லை. மண்டபத்து வாசலில் பெண் மாப்பிள்ளை படம் போட்ட ஃபிளெக்ஸ், வாழைமரம், மேளச் சத்தம், ரோட்டின் இரண்டு பக்கமும் வேனும் ஷேர் ஆட்டோவும். நடுவில், கண்ணாடிப் பெட்டியில் வைத்த பொம்மை மாதிரி, எஞ்சின்.

உடம்பெல்லாம் தங்கநிறம். சக்கரங்களுக்குச் சிவப்பு. புகைபோக்கியைச் சுற்றிச் செவ்வந்தி மாலை. முன்பக்க வட்டக் கதவில் தெர்மாகோலில் வெட்டிய இதயம் ஒன்று, அதில் பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும். நெடுகச் சீரியல் லைட்டு. நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் மண்டபத்துக்காரர் தனக்குப் பிடித்த 1008 என்பதை எழுதி வைத்திருந்தார்.

விஜயபாண்டி அவள் முகத்தைப் பார்த்தான். இவ்வளவு அலைந்து இந்தக் கோலத்திலா பார்க்க வேண்டும் என்று வருந்துவாள் என்று நினைத்தான். அவள் பைக்கை விட்டு இறங்கியும் நடக்காமல் நின்றாள். அப்புறம் மெல்ல, "ஒய்.ஜி." என்றாள். அவன் புரியாமல் பார்க்க, ஒய் என்றால் மீட்டர் கேஜ், ஜி என்றால் கூட்ஸ், இதுவும் சரக்கு வண்டி எஞ்சின்தான், நம்ம ஜாதி என்று சொல்லிச் சிரித்தாள்.

வாசலில் சந்தனமும் கல்கண்டும் வைத்துக்கொண்டு நின்றவர் பெண்ணின் தாய்மாமன் ராஜகுரு. இவர்களைப் பார்த்ததும் மாப்பிள்ளை வீட்டார் என்று எண்ணி, வாங்க வாங்க என்று பன்னீர் தெளித்துவிட்டார். விஜயபாண்டிக்குக் கூசியது. தாங்கள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் இல்லை, இந்த எஞ்சினைப் பார்க்க வந்தோம் என்று உள்ளதைச் சொன்னான். ராஜகுரு அவனையும் எஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, எதைப் பார்க்க வந்தாலும் வாசல் மிதித்தவர்கள் சாப்பிடாமல் போகக்கூடாது என்று சொல்லி, நேராகப் பந்திக்கே அனுப்பிவிட்டார்.

சாப்பிட்டு வந்ததும் தங்கமாரி வேலையைத் தொடங்கினாள். 1008 என்பது எஞ்சினின் நம்பர் இல்லை. உண்மை நம்பர் தெரியாமல் கணக்கில் சேர்க்க முடியாது. முன்பலகை போய்விட்டாலும், சக்கரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் இரும்புத் தண்டில் அந்தக் காலத்தில் நம்பரைக் கொத்தி வைப்பார்கள், ஒவ்வொரு எஞ்சினின் தண்டும் இன்னொன்றோடு மாறிவிடக் கூடாது என்பதற்காக என்று சொன்னாள். சுற்றிலும் சிமெண்ட் மேடை கட்டி, குரோட்டன்ஸ் தொட்டிகள் வைத்திருந்தார்கள். மேடைக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் இடைவெளிதான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் உள்ளே இறங்கினாள். கையால் தடவிப் பார்த்து, பெயிண்ட் பட்டை பட்டையாக ஏறியிருக்கிறது, ஒன்றும் தட்டுப்படவில்லை என்றாள்.

இது விஜயபாண்டியின் வேலை. பைக் டேங்கிலிருந்து டியூபை உருவித் தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்தான். டூல்ஸ் பையிலிருந்து பிளேடும் உப்புத்தாளும் எடுத்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனும் இறங்கினான். துணியைப் பெட்ரோலில் நனைத்து ஊறவைத்துச் சுரண்டினால் முதலில் சிவப்பு போனது, அடியில் பச்சை, அதன் அடியில் வெள்ளி, அப்புறம் ஒரு நீலம். ஒவ்வொரு வருஷத்துக் கல்யாண சீசனும் ஒவ்வொரு நிறமாக உரிந்து வந்தது.

பாதியில் மண்டபத்து மேனேஜர் சோலைச்சாமி வந்துவிட்டார். போன மாதம்தான் பெயிண்ட் அடித்தது, யாரைக் கேட்டுச் சுரண்டுகிறீர்கள் என்று சத்தம் போட்டார். நியாயம்தான். விஜயபாண்டி தலையைத் தூக்கி, பெயிண்ட் வாங்கிவந்து தானே அடித்துக் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். அதில் அவர் சமாதானம் ஆகவில்லை. ஏன் சுரண்ட வேண்டும், யார் நீங்கள் என்றார்.

பத்து வருஷமாக இந்தக் கேள்விக்கு அவன் ஒரே பதில்தான் வைத்திருந்தான். வீட்டம்மா ரயில்வேயில் இருக்கிறாள் என்பான். அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றுவான். பெண்டாட்டி ரயில் ஓட்டுகிறாள் என்றதும் எதிராளி தன்னை ஒரு மாதிரி ஏற இறங்கப் பார்ப்பது அவனுக்குப் பிடிக்காது. இன்றைக்குப் பெட்ரோல் கையோடு, சக்கரத்துக்கு அடியில் நின்றுகொண்டு, வேறு பதில் வந்துவிட்டது.

"இவுக என் வீட்டுக்காரி. கூட்ஸ் ரயிலு ஓட்டுறாக. இந்த எஞ்சின எல்லாரும் வெட்டிப் போட்டாச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காக. இது உசுரோட நிக்குதுன்னு காட்டத்தான் வந்திருக்கோம்."

சோலைச்சாமி தங்கமாரியைப் பார்த்தார். நிஜமாகவா என்று அவளிடமே கேட்டார். அவள் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினாள். அவர் அதை வாங்கிப் படித்தார். பிறகு தோள் துண்டை மேடையில் வைத்துவிட்டு, பெட்ரோல் பாட்டிலை நான் பிடித்துக்கொள்கிறேன், பார்த்துச் சுரண்டுங்கள் என்றார்.

இரும்பு தெரிந்தது. விரலால் தடவினால் பள்ளம் தட்டுப்பட்டது. இன்னும் கொஞ்சம் தேய்த்தபோது நான்கு, ஒன்று, ஒன்பது, கடைசியாக ஏழு. தங்கமாரி செல்போனில் குழுவின் பட்டியலைத் தேடினாள். 4197 என்ற நம்பருக்கு எதிரே 'உடைக்கப்பட்டது' என்று இருந்தது. அதைப் படித்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். இரண்டு நிமிஷத்தில் குழு முழுக்க ஒரே பரபரப்பு. யார் கண்டுபிடித்தது என்று ஒருவர் கேட்டதற்கு, என் வீட்டுக்காரர் விஜயபாண்டி, மெக்கானிக் என்று எழுதினாள். அவன் பார்க்கட்டும் என்று போனை அவனிடம் நீட்டினாள்.

எஞ்சின் டிரைவர் நிற்கும் இடத்துக்கு ஏறிப் பார்க்கலாமா என்று அவள் கேட்டதற்கு, சோலைச்சாமியே அங்கே அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக் கொடுத்தார். இருவரும் ஏறினார்கள். உள்ளே வௌவால் எச்சமும் தூசியுமாக இருந்தது. நீராவி அழுத்தம் காட்டும் கடிகாரங்கள் எல்லாம் போய் ஓட்டை மட்டும் இருந்தது. அவள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். இங்கே ஒருவர் நின்று கரி அள்ளிப் போட வேண்டும். இது ரெகுலேட்டர், இதை இழுத்தால்தான் நீராவி போகும். இவ்வளவு நீளப் பாய்லர் முன்னால் மறைப்பதால் தலையை வெளியே நீட்டினால்தான் சிக்னல் தெரியும். விஜயபாண்டி தலையை நீட்டிப் பார்த்தான். செவ்வந்தி மாலையும் அதற்கு அப்பால் காய்ந்த பருத்திக் காடும் தெரிந்தன.

"ஒனக்கு ஏன் இது இம்புட்டுப் பிடிச்சிருக்கு மாரி?" என்று கேட்டான். கேலியாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

அவள் ரெகுலேட்டரைப் பிடித்தபடியே நின்றாள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால், புரட்டாசியில், ஒருநாள் காலையில் தலைவலி என்று வந்து படுத்தாளே, அது நினைவிருக்கிறதா என்று கேட்டாள். அவனுக்கு நினைவிருந்தது. அன்றைக்கு அவள் சட்டையைத் தானே இரண்டு முறை துவைத்துப் போட்டாள். நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஏதோ தன்மேல் கோபம் என்று நினைத்து அவனும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான்.

அன்றைக்கு ஐம்பத்தெட்டுப் பெட்டி நிலக்கரியோடு வரும்போது, ஒரு வளைவு தாண்டியதும் தண்டவாளத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். ஹாரன் அடித்தாள், பிரேக் போட்டாள். அவ்வளவு பாரம் நிற்க ஒரு கிலோமீட்டராவது வேண்டும். அவர் எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அடுத்த ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு அவள் வண்டியை மேலே ஓட்ட வேண்டியிருந்தது. அவர் பேர்கூட அவளுக்குத் தெரியாது.

இதை அவள் அழாமல்தான் சொன்னாள். மேளம் அடித்துக்கொண்டிருந்ததால் அவன் பக்கத்தில் வந்து கேட்க வேண்டியிருந்தது.

"அதுக்கு அடுத்த வாரம் ஒரு ஸ்டேஷன் வாசல்ல இந்த மாதிரி ஒரு எஞ்சினப் பாத்தேன். கிட்டப் போயி அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். முன்னால போயி நின்னாலும் அது நம்மள ஒண்ணும் பண்ணாது. நாமளும் யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டோம். அன்னைக்குத்தான் நல்லாச் சாப்பிட்டேன். அப்பறம் எங்க இருந்தாலும் போயிப் பாக்கணும்னு ஆயிருச்சு."

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல."

"சொன்னா வேலைய விடச் சொல்லிருப்பீக."

விஜயபாண்டி யோசித்தான். பொய் சொல்ல மனம் வரவில்லை. "சொல்லிருப்பேன்" என்றான். சற்றுப் பொறுத்து, "இனிமே சொல்ல மாட்டேன். நீ எங்கிட்டச் சொல்லு" என்றான். அவள் தலையை ஆட்டினாள். அவன் கையிலிருந்த கறையையும் பார்க்காமல் அவள் தோளில் கையை வைத்தான். சேலையில் சிவப்புப் பெயிண்ட் ஒட்டிக்கொண்டது. அவள் அதைப் பார்த்துவிட்டு, ஒரு சேலை போச்சு என்று சொல்லிச் சிரித்தாள்.

கீழே கூட்டம் சேர்ந்துவிட்டிருந்தது. ராஜகுருவின் வாயால் விஷயம் மண்டபம் முழுக்கப் பரவி, தாலி கட்டி முடிந்த கையோடு பெண்ணும் மாப்பிள்ளையும் போட்டோ எடுக்க வந்து நின்றார்கள். பெண் சந்தனம்மாள் நர்ஸ் படித்தவள்; அருப்புக்கோட்டையில் வேலை பார்க்கிறாள். டிரைவர் அக்காவும் கூட நிற்க வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். பட்டுச் சேலையைத் தூக்கிக்கொண்டு ஏணிப்படி ஏறி மேலே வந்தவள், தங்கமாரியின் காதோரம் ஏதோ கேட்டாள். தங்கமாரியும் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்தார்கள். என்ன கேட்டாள் என்று பிற்பாடு விஜயபாண்டி விசாரித்தபோது, நைட் டூட்டி பார்க்கிற பொம்பளைகள் பேசிக்கொள்வது உங்களுக்கு எதுக்கு என்று சொல்லிவிட்டாள்.

சுரண்டிய இடத்துக்குப் பெயிண்ட் அடிக்க விஜயபாண்டி மறுநாள் வருவதாகச் சொன்னதற்கு, அந்த இடம் அப்படியே இருக்கட்டும் என்றார் சோலைச்சாமி. முதலாளியிடம் சொல்லி 1008-ஐ அழித்துவிட்டு அசல் நம்பரையே எழுதச் சொல்கிறேன், வருகிறவர்கள் கேட்டால் சொல்வதற்கு இனிமேல் ஒரு கதையும் இருக்கிறது என்றார். மறக்காமல் இருக்க நம்பரை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். ராஜகுரு தாம்பூலப் பை இரண்டும், வீட்டில் பிள்ளை இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஒரு பொட்டலம் லட்டும் கொடுத்து வழியனுப்பினார்.

வெயில் கொளுத்தும் நேரம். திரும்பும் வழியில் பாதி தூரம் வந்தபோது முதுகில் பாரம் கூடியதை விஜயபாண்டி உணர்ந்தான். தங்கமாரி சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள். வேகத்தைக் குறைத்து, ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் அவளைப் பிடித்தபடியே மெல்ல ஓட்டினான். ஒரு விலக்கு ரோட்டில் பஸ் ஸ்டாப் நிழற்குடை வந்தது. பக்கத்தில் ஒரு வேம்பும் இருந்தது. வண்டியை நிறுத்தி அவளை எழுப்பி உள்ளே சிமெண்ட் பெஞ்சில் படுக்கச் சொன்னான். அவள் ஐந்தே நிமிஷம் என்று சொல்லி, தாம்பூலப் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தாள். சொல்லி முடிப்பதற்குள் தூங்கிப் போனாள்.

தூரத்தில் கருவேலங்கட்டையைக் கரியாக்கும் மூட்டம் ஒன்று புகைந்துகொண்டிருந்தது. அவன் அவள் காலடியில் உட்கார்ந்து, முகத்தில் ஈ உட்காராமல் துண்டால் விசிறினான். ஐந்து நிமிஷம் போய் அரை மணி ஆனது. திருச்சுழி போகும் ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்று, வாரீகளா என்று டிரைவர் கேட்டார். விஜயபாண்டி உதட்டில் விரலை வைத்துக் காட்டி, போகச் சொல்லிக் கையசைத்தான்.